நீடித்து நிற்பது எது? வேப் கருவியும் முஃமினின் தேர்வும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! இன்றைய ஜும்ஆவில் நம் ஊர் வாலிபர்களிடையே அடிக்கடி எழும் ஒரு கேள்வியைப் பார்ப்போம். "ஹளரத், பீடி சிகரெட் பக்கம் நான் போவதில்லை, வேப் மட்டும்தான். கண்ட கண்ட மலிவுச் சாமான் வேண்டாம். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற வசதியோடு, நாலைந்து வருஷம் உழைக்கிற நல்ல மெஷினாக துபாயிலிருந்து மச்சான் கொண்டு வருகிறார். இதில் தப்பு உண்டா?"

கேட்கிறவரை விரட்டிவிடக் கூடாது. இந்தக் கேள்வியில் யோசிக்க வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

கேள்விக்குள் இருக்கும் நல்ல குணம்

பொருளை வாங்கும்போது நல்லதாகப் பார்த்து வாங்குவது மார்க்கம் விரும்பும் குணம்தான். வீண்விரயம் செய்யாதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கிறான். எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை, அதாவது செம்மையாகச் செய்வதை, அல்லாஹ் விதித்திருக்கிறான் என்ற கருத்தில் ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதே ஹதீஸில் அறுக்கும்போது கத்தியைக் கூர்மையாக்கிக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவுகிறார்கள். கருவி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா?

ஆனால் கவனியுங்கள். கத்தியை ஏன் கூர்மையாக்கச் சொன்னார்கள்? பிராணிக்கு வேதனை குறைய வேண்டும் என்பதற்காக. காரியம் ஹலால், நோக்கம் இரக்கம், அதனால் கருவியின் கூர்மை இஹ்ஸான் ஆனது. திருடன் தன் கத்தியைத் தீட்டினால் அதை இஹ்ஸான் என்போமா? கருவிகளுக்கு அவை கொண்டு சேர்க்கும் நோக்கத்தின் சட்டமே பொருந்தும் என்பது ஃபுகஹாக்களின் காயிதா. ஆகவே எந்த மெஷின் நல்லது என்பது இரண்டாவது கேள்வி. அது எதற்காக என்பதுதான் முதல் கேள்வி. முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டு இரண்டாவதில் மட்டும் கவனமாக இருப்பது நஃப்ஸின் பழைய தந்திரம்.

அந்தக் கருவி என்ன செய்கிறது?

உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, மெல்லிய கம்பிச் சுருள், அதில் சுற்றிய பஞ்சு. பஞ்சை நனைக்கும் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் வாசனைப் பொருளும் பெரும்பாலும் நிக்கோட்டினும் இருக்கும். கம்பி சூடாகித் திரவம் ஆவியாகிறது. வோல்ட்டைக் கூட்டினால் சூடு கூடும். எவ்வளவு கூடும் என்பதைப் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. 1.8 ஓம் சுருளுக்கு 3.7 வோல்ட் கொடுத்தால் சுமார் 7.6 வாட். 4.8 வோல்ட் கொடுத்தால் 12.8 வாட். வோல்ட்டில் ஏறியது முப்பது சதவீதம், சூட்டுச் சக்தியில் ஏறியது ஏறக்குறைய எழுபது சதவீதம்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்: 3.3 வோல்ட்டில் ஆவியில் ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டன. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அந்த அளவு சூட்டில் கருகிய சுவை வரும், யாரும் இழுக்க மாட்டார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பையும் சொல்வதுதான் நியாயம். ஆனால் ஒன்று புரிகிறது. கூட்டிக் குறைக்கும் பொத்தான் நம் கையில் இருப்பதால் கட்டுப்பாடும் நம் கையில் இருப்பதாக நினைக்கிறோம். பொத்தானை அழுத்துவது விரல். விரலை அழுத்த வைப்பது எது? நிக்கோட்டின் கேட்கிறது, விரல் கொடுக்கிறது. இதில் யார் யாருக்கு எஜமான்?

உழைக்கும் மெஷின் என்பதும் பாதி உண்மைதான். உழைப்பது உலோகக் கூடு மட்டும். சுருளை ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், திரவத்தை மறுபடி மறுபடி வாங்க வேண்டும். உண்மையில் நீடித்து நிற்பது அந்தப் பழக்கம்.

உலமாக்கள் எப்படிப் பார்த்தார்கள்?

புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது ஹிஜ்ரி 1000 வாக்கில். வந்ததுமே உலமாக்களிடையே பெரிய கருத்து வேறுபாடு எழுந்தது. எகிப்தின் இமாம் இப்ராஹீம் அல்லகானீ (ரஹ்) கடுமையாகத் தடுத்தார்கள். டமாஸ்கஸின் அல்லாமா அப்துல் கனீ அந்நாபுலுஸீ (ரஹ்) ஆகுமானது என்று தனி நூலே எழுதினார்கள். இருவரும் பெரியவர்கள், இக்லாஸ் உள்ளவர்கள். பிறகு ஏன் வேறுபட்டார்கள்? தீங்கு இருக்கிறதா இல்லையா என்பது அன்று தெளிவாகவில்லை. அவர்களின் வேறுபாடு பெரும்பாலும் தகவலைப் பற்றியது. உடலுக்குக் கேடு என்று உறுதியானால் தடுக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

இன்று அந்தத் தகவல் நம்மிடம் இருக்கிறது. புகையிலையால் உலகில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேப் அதைவிடப் புதியது. சீனாவின் மருந்தாளுநர் ஹான் லிக் 2003-ல் உருவாக்கியது. அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். நல்ல எண்ணத்தில் தொடங்கியதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இருபது சொச்ச வருஷத்துப் பழக்கம் அறுபது வயதில் என்ன செய்யும் என்று அனுபவத்தால் அறிந்தவர் இன்று யாரும் இல்லை. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துள்ள அல்பகரா 195-வது வசனம், அந்தச் சோதனைக்கு நம் நுரையீரலைக் கொடுக்கச் சொல்லவில்லை.

"சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவுதானே?"

இது வலுவான வாதம். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு 2015-ல் வேப், சிகரெட்டைவிட சுமார் 95 சதவீதம் கெடுதல் குறைந்தது என்று மதிப்பிட்டது. ஆனால் புகைக்காதவர்கள் வேப்பைத் தொடங்க வேண்டாம் என்பதும் அந்நாட்டு மருத்துவத் துறையின் அறிவுரை.

நம் ஃபிக்ஹிலும் இதற்கு இடம் உண்டு. இரண்டு தீங்குகள் எதிர்ப்பட்டால் இலேசானதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது காயிதா. ஆனால் அது மூன்று இடங்களில் கட்டுப்பட்டிருக்கிறது.

ஒன்று, பெரிய தீங்கு உண்மையாகவே எதிரில் இருக்க வேண்டும். இருபது வருஷமாக நாளுக்கு ஒரு பாக்கெட் பிடிக்கிறவருக்கு அது இருக்கிறது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் தொடாமல் மாம்பழ வாசனைக்காக வேப் இழுக்கும் பத்தொன்பது வயதுத் தம்பிக்கு எந்தப் பெரிய தீங்கு எதிரில் நிற்கிறது? எதுவுமில்லாத இடத்தில் அவர் ஒரு தீங்கைப் புதிதாகக் கொண்டு வருகிறார்.

இரண்டு, வேறு வழி இல்லாமல் இருக்க வேண்டும். விட நினைப்பவருக்கு நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. மருத்துவரின் ஆலோசனை இருக்கிறது. மத்திய அரசின் 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது.

மூன்று, தேவையின் அளவோடு நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் உள்ளம் பிடிபடுகிறது. கால் முறிந்தவர் ஊன்றுகோல் வாங்கும்போது ஆயுள் முழுக்க உழைக்கும் கோலாகத் தேடுவாரா? எப்போது இதைத் தூக்கி வைப்போம் என்றுதானே நாளை எண்ணுவார்! விடுவதற்காக வேப் என்று சொல்லிக்கொண்டே ஐந்து வருஷம் உழைக்கும் மெஷினைத் தேடுகிறவர் தன் நிய்யத்தைத் தானே ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

நாட்டுச் சட்டமும் முஃமினின் பொறுப்பும்

தமிழ்நாடு அரசு 2018-ல் மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றத்தில் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். அமீரகத்தில் 2019 முதல் விற்பனைக்கு அனுமதி உண்டு, உண்மைதான். அங்கே கடையில் வாங்குவது வேறு, பெட்டியில் வைத்து சென்னை விமான நிலையத்தில் இறங்குவது வேறு. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம்.

"பெட்டிக்கடையில் சிகரெட் தொங்குகிறது, இதற்கு மட்டும் தடையா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சட்டம் இயற்றுவோரிடம் கேளுங்கள். ஆனால் பாவத்தை ஏவாத சட்டத்துக்குக் கட்டுப்படுவது நாம் இந்த நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் சேரும். உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படிதான் அல்மாயிதா சூரா தொடங்குகிறது. குடும்பத்தை விட்டுப் பாலைவனத்தில் உழைக்கும் மச்சானின் பெட்டியில் நம் ஆசைக்காக ஒரு குற்றத்தை வைத்து அனுப்பச் சொல்வது எந்த வகை உறவு?

வாசனைக்குள் மறைந்திருப்பது

பூண்டு, வெங்காயம் தின்று அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சிகரெட் பிடித்தவரை வாடை காட்டிக் கொடுக்கும். வேப்பிலோ ஸ்ட்ராபெர்ரி, புதினா வாசனை. அம்மா கேட்டால் மிட்டாய் என்று சொல்லலாம். பாவம் என்பது உன் உள்ளத்தில் உறுத்துவது, மக்கள் அறிவதை நீ வெறுப்பது என்ற கருத்தில் வரும் முஸ்லிமின் ஹதீஸை வைத்து அளந்து பாருங்கள். வாப்பா வரும் சத்தம் கேட்டதும் கை எங்கே போகிறது? அந்தக் கையே ஃபத்வா கொடுத்துவிட்டது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் ஆவிதானே என்று ரமளானில் சிலர் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே உள்ளே இழுத்தால் நோன்பு முறிந்துவிடும்.

அல்பாகியாத்துஸ் ஸாலிஹாத்

நமக்கு எண்பது கிலோமீட்டர் தொலைவில் வேலூரில், 19-ஆம் நூற்றாண்டில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹளரத் (ரஹ்) அவர்கள் நிறுவிய அரபுக் கல்லூரியின் பெயர் என்ன? பாகியாத்துஸ் ஸாலிஹாத். அல்கஹ்ஃபு சூராவின் 46-வது வசனத்திலிருந்து எடுத்த பெயர். செல்வமும் பிள்ளைகளும் உலக அலங்காரம். நிலைத்து நிற்கும் நற்செயல்களே ரப்பிடத்தில் சிறந்தவை என்பது அதன் கருத்து. ஹளரத் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே ஓதியவர்கள் இன்றும் தமிழகமெங்கும் மிம்பரில் நிற்கிறார்கள். நீடித்து உழைப்பது என்றால் இதுதான்.

அருமைத் தம்பிமார்களே! நல்ல மெஷினுக்காக நாலு பேரிடம் விசாரிக்கிறீர்கள், பேட்டரியை ஒப்பிடுகிறீர்கள். அந்த உழைப்பு வீணான குணமல்ல, அதன் திசைதான் தவறு. அதே கவனத்தை உங்கள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கொடுங்கள். வாலிபத்தை எதில் கழித்தாய், பொருளை எதில் செலவிட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும்போது, நல்ல பிராண்டாகப் பார்த்துத்தான் வாங்கினேன் என்பது பதிலாகாது.

பெற்றோர்களே! பிள்ளையின் பையில் இதைக் கண்டால் அடிக்கப் பாயாதீர்கள். நிக்கோட்டின் அடிமைத்தனம் நோய், நோயாளிக்கு மருந்தும் துணையும் வேண்டும். ஏற்கனவே சிக்கியவர்களே! ஒரே நாளில் முடியவில்லை என்று தவ்பாவைத் தள்ளிப் போடாதீர்கள். நாளைத் தீர்மானியுங்கள், நம்பிக்கையானவர் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். குறைவாக இருந்தாலும் விடாமல் தொடரும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது.

யா அல்லாஹ்! எங்கள் வாலிபர்களின் உடலையும் ஈமானையும் பாதுகாப்பாயாக. அடிமைப்பட்டவர்களுக்கு விடுதலையை எளிதாக்குவாயாக. நிலைத்து நிற்கும் நற்செயல்களின் பக்கம் எங்கள் உள்ளங்களைத் திருப்புவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.