ஏலக் கூடமும் கள்ளாமை விரதமும்



கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உமாசுவாமி ஆசாரியர் வகுத்துள்ளார். திருடத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், அரசநெறிக்கு மாறாக வாணிகம் செய்தல், குறைத்தும் கூட்டியும் அளத்தல், போலியை உண்மையெனக் கொடுத்தல் என்பன அவை. பூட்டை உடைப்பவன் இவ்வைந்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்தும் பெரிதும் கடைவீதியைச் சார்ந்தவை. நாமோ இவற்றை அரிசிக் கடையோடும் துணிக் கடையோடும் நிறுத்திவிடுகிறோம். கலைப்பொருள்கள் ஏலம் போகும் கூடத்திற்கும் இவை பொருந்தும்.

எம். எஃப். உசேன் 1954ஆம் ஆண்டு தீட்டிய 'கிராம யாத்திரை' 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டி நிறுவனத்தின் ஏலத்தில் 1 கோடியே 37 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. நம் பணத்தில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய். அதுவரை நவீன இந்திய ஓவியம் எதற்கும் கிட்டாத விலை. விற்ற ஆஸ்லோ மருத்துவமனை அத்தொகையை மருத்துவர் பயிற்சிக்கென ஒதுக்கியது, நன்று. வரைந்தவர் பங்கு யாது? மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் கலைஞருக்கோ அவர் வாரிசுகளுக்கோ பத்து விழுக்காடு வரை பங்குண்டு என நமது பதிப்புரிமைச் சட்டத்தில் 1995 முதல் ஒரு பிரிவு உள்ளது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் அவ்வுரிமையே இல்லை.

விலை ஏறுவது குற்றமன்று. எவ்வாறு ஏறுகிறது என்பதே வினா. நம் ஊரில் 'ஒரு தரம், இரண்டு தரம்' எனக் கூவுபவர் கேட்டவர் முகத்தைப் பார்த்தே கூவுகிறார். பெருநகர ஏலக் கூடங்களிலோ, விற்பவர் மறைவாகக் குறித்த அடிவிலையை எட்டும் வரை, எவரும் கேளாத விலையைக் கேட்டதாக அறிவிப்பது நெடுநாள் வழக்கம். கேட்டது கூரையில் தொங்கும் சரவிளக்கு என்று அத்தொழிலினரே கேலி பேசுவர்! விதிமுறையில் சொல்லிவிட்டால் சட்டம் இடங்கொடுக்கிறது. சட்டம் விட்டாலும் அது கூட்டி அளத்தலே அன்றோ?

சோதபி, கிறிஸ்டி ஆகிய இரு நிறுவனங்களும் 1990களில் தம்முள் மறைவாகப் பேசித் தரகுத் தொகையை ஒன்றாக்கிய செயலைச் சட்டமும் பொறுக்கவில்லை. இழப்பீடு 51 கோடியே 20 இலட்சம் டாலர். சோதபியின் தலைவராயிருந்த ஆல்பிரட் டாப்மன் 2002இல் சிறை சென்றார்.

இனி இரண்டாம் அதிசாரம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலையை, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவர் சுபாஷ் கபூர். அது ஏலமன்று, நேர்விற்பனை. எனினும் வழி ஒன்றே. சிலை 2014இல் திரும்பி வந்தது. வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்தாண்டுச் சிறை விதித்தது. எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கியவருக்கும் இந்த அதிசாரத்தில் பங்குண்டு.

"நம் ஜினாலயங்களிலும் முதல் கலசத்தை ஏலம் விடுகிறோமே?" என வினவுவீர்கள். அப்பணம் ஆலயத்தைச் சேர்கிறது. கலசம் ஏந்தும் உரிமையை மறு ஆண்டு இலாபத்திற்கு விற்க இயலாது. வேறுபாடு பெரிது. ஆயினும் அவ்வேளையில் ஏழைக் குடும்பங்கள் பின்வரிசைக்கு ஒதுங்கி நிற்பது எனக்கு உவப்பானதன்று.

கொடைக்கானலிலிருந்து இறங்கினால், பழனிக்கு மேற்கே ஐவர்மலை. அங்கே பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. வரகுண பாண்டியன் காலத்தில், கி.பி. 870இல், குணவீரரின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். அவிப் படையலுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. அத்திருவுருவங்களுக்காகப் பொன் கைமாறியது இவ்வகையில்தான்.

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் வரும் நம் குடும்பங்கள் பழனி வழியே திரும்பினால், பிள்ளைகளுக்கு அக்கல்வெட்டைக் காட்டலாம். வெயில் ஏறுமுன் மலையேறுவது நலம்.