கம்ப்யூட்டர் ராதாநாத்

கம்ப்யூட்டர் என்பது ஒரு காலத்தில் மனிதர் பார்த்த உத்தியோகம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கணக்குப் போடும் ஆள் என்றே பொருள். காகிதமும் மடக்கை அட்டவணையுமாகக் காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார்கள். 1940களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீரங்கிக் குண்டு பாயும் பாதையைக் கணக்கிட்ட பெண்களுக்கும் இதே பதவிப்பெயர்தான். அவர்களில் ஆறு பேரை எனியாக் என்ற புது இயந்திரத்துக்குக் கணக்கு வழிகளை அமைக்கப் போட்டார்கள். வேலையோடு பெயரும் இயந்திரத்துக்குப் போயிற்று.

நம் நாட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரியவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய சர்வே, முக்கோணம் முக்கோணமாக இமயம்வரை ஏறியது. 1831இல் அந்தத் துறையில் சேர்ந்த சிக்தார், பின்னாளில் கல்கத்தாவில் தலைமைக் கம்ப்யூட்டர் ஆனார். இமயச் சிகரங்களை அளக்க நேபாளத்துக்குள் போகச் சர்வேக்காரர்களுக்கு அப்போது அனுமதி கிடையாது. அதனால் 160 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து தியோடலைட் என்ற கருவியில் கோணம் பார்த்தார்கள். பூமியின் வளைவு எவ்வளவு, காற்றில் ஒளி எவ்வளவு வளைகிறது என்றெல்லாம் திருத்திய பிறகே உயரம் கைக்கு வரும். அப்படித் திருத்தித் திருத்தி 15ஆம் சிகரம் என்று எண்ணிட்டிருந்த சிகரத்துக்குக் கிடைத்த விடை 29,002 அடி. 1856இல் அதை அறிவித்தார்கள். இன்றைய அளவு 8,848.86 மீட்டர். வித்தியாசம் 30 அடிதான்! செயற்கைக்கோள் இல்லாத காலத்துக் கணக்கு இது.

சிகரத்துக்கு வைத்த பெயரோ, 1843லேயே ஓய்வுபெற்றுப் போய்விட்ட சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் எவரெஸ்டுடையது. அது அந்தக் காலத்து அதிகாரிகளின் வழக்கம் என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படியல்ல. 1851இல் வந்த சர்வே கையேட்டின் முன்னுரை, அதன் கணிதப் பகுதிகளுக்குச் சிக்தாருக்கு நன்றி சொன்னது. 1870இல் அவர் காலமானார். 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த நன்றி இல்லை. கணக்குகள் மட்டும் இருந்தன. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகையிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது.

2004இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. வீட்டுப் பிள்ளைகள் எவரெஸ்டின் உயரத்தை மனப்பாடம் செய்யும்போது, அதை முதலில் கணக்கிட்டவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.