கேபிளும் காட்சியும்

ஹெட்போனின் செம்புக் கேபிளைக் கழற்றிவிட்டு வெள்ளிக் கேபிள் பொருத்தியவர், பாட்டு துலங்கிவிட்டது என்று உறுதியாகச் சொல்வார். அவர் பொய் சொல்வதில்லை. அவர் அறிந்தது எதை என்பதுதான் கேள்வி.

சென்ஹைசர் ஹெச்டி 650 ஹெட்போனின் மின்தடை 300 ஓம். கேபிளின் தடை அரை ஓம் குறைந்தாலும் ஒலி கூடுவது 0.02 டெசிபலுக்கும் குறைவு. காது இனங்காணும் வேறுபாடு அதைவிடப் பல மடங்கு பெரியது. தடை குறைந்த சில இன்-இயர் வகைகளில் தொனி சற்றே மாறக்கூடும் என்பது உண்மை.

13-ம் நூற்றாண்டின் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், நேரடி அறிவாகிய காட்சியில், ஐம்பொறி வழி வரும் வாயிற்காட்சியையும், இன்ப துன்பத்தை உயிர் தானே உணரும் தன்வேதனைக் காட்சியையும் பிரித்துக் காட்டுகிறது. கேபிள் விவாதத்தின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. செருகியின் பொன்முலாம் விரல்நுனியில் குளிர, கிளிக்கென்று பொருத்தி, பழகிய பாட்டையே கூர்ந்து கேட்பவருக்கு மகிழ்ச்சி பெருகுகிறது. அந்த மகிழ்ச்சி மெய். அதைக் கம்பியின் குணமாக ஏற்றிச் சொல்வது திரிபு.

எந்தக் கேபிள் என்று தெரியாமல், ஒலியளவைச் சமன்செய்து, வேறொருவர் மாற்றி மாற்றித் தரக் கேட்டால் திரிபு விலகும். பணம் கொடுக்குமுன் ஒருமுறையாவது அப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.