பார்த்தவருக்குக் கூலி

பொட்லாட்ச், கனடாவின் மேற்குக் கரையோரப் பழங்குடிகளின் கொடைவிழா. வான்கூவர் தீவின் வடபகுதியிலும் அதன் எதிர்க்கரையிலும் வாழும் குவாக்வாக்கியவாக்வ் மக்கள் அதை இன்றும் நடத்துகிறார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்க, மண உறவில் ஏற்பட்ட கடனைத் தீர்க்க, இறந்த தலைவரின் இடத்தில் வாரிசை அமர்த்த என்று ஏதேனும் ஒரு காரணத்துக்காக ஒரு குடும்பம் சுற்றுப்பட்டு ஊர்களை அழைக்கும். செடார் மரத்தால் கட்டிய பெருவீட்டின் நடுவில் தீ வளர்ப்பார்கள். இறந்தோருக்கான துக்கப்பாட்டில் தொடங்கி, சிவப்புச் செடார் பட்டையைத் தலையிலும் கழுத்திலும் அணிந்து ஆடும் ஆட்டங்கள், பிறகு சமாதான ஆட்டங்கள் என்று விழா நகரும். கடைசியில் வந்தவர்கள் ஒருவர் விடாமல் பொருள் பெறுவார்கள்.

வெளியார் எழுதியவற்றில் இந்தக் கடைசிப் பகுதிதான் பெரிதாகப் பேசப்படும். இருப்பதையெல்லாம் வாரி இறைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் விசித்திரத் தலைவர்கள் என்பது அவர்கள் வரைந்த சித்திரம். விழா நடத்துவோர் தரும் விளக்கம் வேறு. எழுத்தில் பதியும் வழக்கம் இல்லாத சமூகத்தில், இந்தப் பெயர் இன்னாருக்கு உரியது, இந்தப் பாட்டு இந்த வீட்டுக்குச் சொந்தம், இந்த முகமூடியை அணிந்து ஆடும் உரிமை மருமகனுக்குப் போய்விட்டது என்பதற்கெல்லாம் பத்திரம் ஏது? கண்டவர்களின் நினைவுதான் பத்திரம். வந்தவர்கள் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், ஊர் திரும்பிச் சொல்கிறார்கள். நாளை வேறொருவர் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடினால், நடந்ததைச் சொல்லி மறுக்கக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்தான். அந்த வேலைக்கான கூலியே பரிசு. பொருளைக் கைநீட்டி வாங்கியவர் தாம் கண்டதை ஒப்புக்கொண்டவராகிறார். பொட்லாட்சில் பார்க்க வந்தவர் பணம் கொடுப்பதில்லை. பார்த்ததற்காகப் பெற்றுக்கொண்டு போகிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1922ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் படிப்பவருக்கு ஒரு சின்னத் தகவல் உறுத்தும். அலர்ட் பே என்ற தீவுக் கிராமத்தில், அரசு அதிகாரி கைப்பற்றிய பொட்லாட்ச் முகமூடிகளை ஆலயக் கூடத்துப் பெஞ்சுகளின் மேல் பரப்பி வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள்.

வரலாற்று நூல்களில் இந்தக் கட்டணம் ஓர் அரை வாக்கியத்தில் வந்து போய்விடும். முன்னும் பின்னும் நடந்தவை அதைவிடக் கொடியவை என்பதால் யாரும் அங்கே நிற்பதில்லை. நிற்பதற்கு முன் அந்தக் கூடம் வரை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

பழங்குடியினரை ‘இந்தியர்’ என்று அழைத்த கனடியச் சட்டத்தில் 1884இல் ஒரு திருத்தம் வந்தது. 1885 தொடக்கத்திலிருந்து பொட்லாட்ச் குற்றமானது. மதபோதகர்களும் அரசு முகவர்களும் கேட்டு வந்த தடை அது. கிறித்தவம் தழுவிய பழங்குடியினர் சிலரும் அதை விரும்பினார்கள். சேர்த்துவைக்காமல் கொடுத்துவிடுகிற மனிதனை நாகரிகப்படுத்த முடியாது என்பது வாதத்தின் சாரம். எது பொட்லாட்ச் என்று சட்டம் சொல்லாததால் 1889இல் நீதிபதி பெக்பி முதல் வழக்கிலேயே தண்டிக்கப்பட்டவரை விடுவித்தார். 1895இல் வாசகத்தை மாற்றினார்கள். பணமோ பொருளோ கொடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் சடங்கின் பகுதியாக இருந்தால் அந்தச் சடங்கு குற்றம் என்றார்கள். கொடுப்பதைக் குற்றமாக்க முற்பட்டவர்கள் திருப்பிக் கொடுப்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டதைப் பார்த்தால், விழாவை அவர்கள் ஓரளவு புரிந்துகொண்டுதான் தடுத்தார்கள் என்று தோன்றும். 1918இல் இன்னொரு திருத்தம், முகவரே வழக்கை விசாரித்துத் தண்டிக்க வழிசெய்தது.

1921 கிறிஸ்துமஸ் காலத்தில் டான் கிரான்மர் என்பவர் வில்லேஜ் தீவில் பெரிய பொட்லாட்ச் ஒன்றை நடத்தினார். எளிதில் யாரும் வந்து சேர முடியாத இடம், குளிர்காலக் கடல். படகுகள், தையல் இயந்திரங்கள், கிராமபோன்கள், கட்டில்கள், கிதார்கள், பில்லியர்ட்ஸ் மேசைகள், மூட்டை மூட்டையாக மாவு என்று கொடை போயிற்று. செய்தி வெளியே கசிந்தது. 45 பேர் மீது வழக்குப் போட்டார்கள். சொற்பொழிவு ஆற்றியது, ஆடியது, பரிசுகளைச் சுமந்து சென்றது ஆகியவை குற்றப்பட்டியலில் இருந்தன. முகவர் வில்லியம் ஹாலிடேயே நீதிபதியாகவும் உட்கார்ந்தார். முகமூடிகளையும் செப்புப் பலகைகளையும் மற்றச் சடங்குப் பொருள்களையும் ஊரோடு ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று ஒரு பேரம் முன்வைக்கப்பட்டது. அலர்ட் பே, வில்லேஜ் தீவு, கேப் மட்ஜ் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்கள் ஒப்படைத்தார்கள். ஏற்காதவர்கள், ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் அளவில், வான்கூவர் அருகே ஓகல்லா சிறைக்குப் போனார்கள்.

ஒப்படைத்தவர்களையும் சிறை சென்றவர்களையும் எதிரெதிரே நிறுத்தி எடைபோடும் ஆசை படிப்பவருக்கு வரும். அது நியாயமில்லை. வயதான தாய் சிறைக்குப் போகாமலிருக்க முகமூடியைக் கொடுத்த மகனுக்கும், முகமூடி போகாமலிருக்கத் தாயோடு தானும் சிறைக்குப் போன மகனுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் தகுதி நூறாண்டுக்குப் பிறகு உட்கார்ந்து படிப்பவருக்கு இல்லை.

கூடத்துக்குத் திரும்பலாம். 450க்கும் மேற்பட்ட பொருள்கள். ஹமாட்சா ஆட்டத்துக்குரிய பெரும்பறவை முகமூடிகளும் இந்தத் தொகுதியில் உண்டு. உலகின் வடகோடியில் வாழும் மனிதர்தின்னும் ஆவியால் ஆட்கொள்ளப்பட்ட இளைஞன் காட்டிலிருந்து வெறியோடு வருவதும், அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக மனித நிலைக்குக் கொண்டுவருவதும் அந்த ஆட்டத்தின் கதை. நீண்ட அலகைப் படபடவென்று அடித்துக்கொண்டு பறவைகள் தீயொளியில் தோன்றும், மறையும். ஆட்டம் முடிந்ததும் முகமூடி பெட்டிக்குள் போய்விடும். அடுத்த விழாவுக்கு அது எப்போது வெளிவரும் என்பதை முடிவு செய்வது உரிய குடும்பம். பார்க்கக் கிடைப்பதே அரிது. கிடைத்தவர் அதை நினைவில் சுமக்க வேண்டும், அதற்குக் கூலியும் உண்டு. ஆலயக் கூடத்தில் பாட்டு இல்லை, ஆடுபவர் இல்லை, தீ இல்லை. விரும்பிய நேரம் நின்று பார்க்கலாம். பார்த்தவர் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. வாசலிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

கட்டணம் உறுத்துவது இதனால்தான். பறித்ததை வன்முறை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கட்டணத்தில் வன்முறை ஏதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்காட்சி என்றால் டிக்கெட் உண்டு என்பது ஹாலிடேக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பாக இருந்திருக்கும். அவர் அறிவிலி அல்ல. பின்னாளில் 1935இல் பொட்லாட்ச் பற்றியே தம் நினைவுக் குறிப்பு நூலை வெளியிட்டவர். பார்வைக்கும் பணத்துக்கும் இடையிலான உறவைத் தாம் தலைகீழாகத் திருப்பிவைத்திருக்கிறோம் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். கொடுத்தது குற்றம் என்று தீர்ப்பு எழுதிய ஊரிலேயே, வாங்கியது குற்றம் ஆகவில்லை.

பொட்லாட்ச் என்றதும் மானிடவியல் படித்தவர்களுக்கு மார்செல் மோஸ் எழுதிய கொடை பற்றிய புகழ்பெற்ற கட்டுரை நினைவுக்கு வரும். கொடுக்கும் கடமை, ஏற்கும் கடமை, திருப்பிச் செலுத்தும் கடமை என்ற மூன்றும்தான் பெரும்பாலோர் நினைவில் தங்கியவை. மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தையும் தானம் பற்றிய இந்தியச் சாத்திரங்களையும் அதில் அவர் அலசியிருப்பது இந்தியாவிலேயே பலருக்கு மறந்துபோன பகுதி. தானம் வாங்கியவன் கொடுத்தவனுக்கு ஏதோ ஒருவகையில் கட்டுப்படுகிறான், ஆகவே வாங்குவது ஆபத்தான செயல் என்ற கருத்தை அங்கே அவர் கண்டெடுக்கிறார். பொட்லாட்சின் வெகுமதியும் இப்படிக் கட்டுகிற பொருள்தான். ஆனால் அந்தக் கட்டு திருப்பிக் கொடுப்பதில் மட்டும் இல்லை, நினைவு வைத்திருப்பதிலும் இருக்கிறது என்பது மோஸின் மூன்று கடமைகளுக்குள் ஓரமாகிவிடுகிறது. அவர் அந்தக் கரைக்குப் போனவர் அல்லர். பெரிதும் நம்பியது ஃபிரான்ஸ் போவாஸின் பதிவுகளை; போவாஸ் நம்பியது ஃபோர்ட் ரூப்பர்ட்டில் வளர்ந்த ஜார்ஜ் ஹன்ட்டை. அந்த ஹன்ட்டே 1900இல் ஹமாட்சா சடங்கில் கலந்துகொண்டதற்காகக் கைதாகி, வழக்கில் விடுதலையானவர். மோஸின் கட்டுரை 1925இல் வெளிவந்தபோது பொட்லாட்ச் இன்னும் குற்றமாகவே இருந்தது. முகமூடிகள் ஒட்டாவா, டொரொன்டோ அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்துபோயிருந்தன. முப்பதுக்கு மேற்பட்டவற்றை நியூயார்க்கின் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹை விலைக்கு வாங்கியிருந்தார். இந்திய விவகாரத் துறையின் தலைமை அதிகாரியும் கவிஞருமான டங்கன் கேம்பெல் ஸ்காட் தமக்கென்றும் சிலவற்றை வைத்துக்கொண்டார்.

சாட்சி சொல்ல முகமூடி மட்டும் போதாது, கண்டவர் வேண்டும். கண்டதைப் பேச மொழி வேண்டும். அலர்ட் பேயில் 1929இல் செயின்ட் மைக்கேல்ஸ் உறைவிடப் பள்ளியின் பெரிய செங்கல் கட்டடம் எழுந்தது. கரையோர ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுவந்து, தாய்மொழியான குவாக்வாலாவைப் பேச விடாமல் வளர்த்தார்கள். பெருவீட்டில் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து எந்தப் பாட்டு எந்தக் குடும்பத்துக்குரியது என்று கேட்டுப் பழக வேண்டிய வயது அது. விழாவில் பிள்ளைகளும் பரிசு பெறுவார்கள். அதாவது அவர்களும் சாட்சிகள், அதிக காலம் நீடிக்கப்போகும் சாட்சிகள். சட்டம் பொருளை எடுத்துச் சென்றது, பள்ளி பார்க்க வேண்டியவர்களை எடுத்துக்கொண்டது. அந்தப் பள்ளி 1970களின் நடுப்பகுதிவரை நடந்தது. கட்டடத்தை 2015இல்தான் இடித்தார்கள்.

1951இல் சட்டத்தைத் திருத்தியபோது பொட்லாட்ச் தடை சத்தமில்லாமல் விடுபட்டது. தடை நீங்கியபின் 1953இல் வெளிப்படையாக விழா எடுத்தவர் சிற்பி மங்கோ மார்ட்டின். அவர் கட்டிய பெருவீடு இருந்த இடம் விக்டோரியா நகரின் மாகாண அருங்காட்சியக வளாகம் என்பதைக் கவனிக்க வேண்டும். பறிபோனவற்றைத் திரும்பக் கேட்டபோதும் பதில் அருங்காட்சியகத்தின் மொழியில்தான் வந்தது. பொருள்களை வைக்க முறையான காட்சியகம் கட்டினால் தருவோம் என்றது ஒட்டாவா தேசிய அருங்காட்சியகம். கேப் மட்ஜில் 1979இலும் அலர்ட் பேயில் 1980இலும் இரண்டு காட்சியகங்கள் திறக்கப்பட்டன. பெட்டியிலிருந்து போனவை பெட்டிக்குத் திரும்பவில்லை.

அலர்ட் பேயில் உள்ளதற்கு உமிஸ்டா பண்பாட்டு மையம் என்று பெயர். பெருவீட்டைப் போன்ற கூடத்தில், விழாவில் தோன்றும் வரிசையிலேயே முகமூடிகளை வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பேழை கிடையாது. அத்தனை காலம் பூட்டிக் கிடந்தவற்றை மறுபடி பூட்டுவது முறையாகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். மையத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் குளோரியா கிரான்மர் வெப்ஸ்டர், 1921 விழாவை நடத்திய டான் கிரான்மரின் மகள். டொரொன்டோவில் இருந்தவை 1988இல் வந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்த ஒரு முகமூடி 2005இல் நீண்டகால இரவலாக வந்தது. சொந்தப் பொருளை இரவலாகப் பெற்றுக்கொள்வதற்கும் ஒரு பொறுமை வேண்டும்.

உமிஸ்டாவிலும் நுழைவுக் கட்டணம் உண்டு.

இதைக் குறையாகச் சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து படகில் வரும் பயணி தரும் பணம் மையத்தை நடத்தவும் மொழியையும் பாட்டையும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவும் உதவுகிறது. எதைக் காட்டுவது, எந்த வரிசையில் காட்டுவது என்பதை முடிவு செய்வது உரியவர்கள். புதிய முகமூடிகளைச் செதுக்கி ஊர்ப் பெருவீட்டில் ஆடுகிறார்கள். அங்கே அழைக்கப்பட்டவருக்குப் பரிசு உண்டு, டிக்கெட் இல்லை. எனவே 1922இன் கட்டணமும் இன்றைய கட்டணமும் ஒன்றல்ல என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பணம் யார் கைக்குப் போகிறது என்பதில் வேறுபாடு தெளிவு.

பார்ப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு தெளிவாக இல்லை. பரிசு வாங்கிப் பார்த்தவர் கடனோடு வீடு திரும்புகிறார், பணம் கட்டிப் பார்த்தவர் கடனில்லாமல் திரும்புகிறார் என்றால், பணத்தைப் பெற்றது ஹாலிடேயா உமிஸ்டாவா என்பது பார்த்தவரின் கடமையை எப்படி மாற்றும்? அவர் மறக்க உரிமை பெற்றவர்தானே?

இந்த வாதத்தையும் உடைக்க ஓர் ஆள் இருக்கிறார். பறிபோன தலையணி ஒன்று கைமாறிக் கைமாறிப் பாரிஸில் சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் சேகரிப்புக்குள் வந்திருந்தது. அவருடைய மகள் ஓப் எலியுவெ அதை 2003இல் உமிஸ்டாவிடம் திருப்பித் தந்தார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் எந்தப் பெருவீட்டிலும் மாவு மூட்டை வாங்கியவர் அல்லர். தந்தையின் சேகரிப்பாகச் சட்டப்படி கைக்கு வந்த பொருளில் கடன் இன்னும் பாக்கி இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. பணம் கணக்கை முடித்துவிடும் என்ற வாதம் அவரிடம் செல்லவில்லை. ஆனால் அதே போன்ற பொருள்களைச் சுவரில் மாட்டிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்து முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் அது நன்றாகவே செல்லுபடியானது. பார்த்தவரைக் கட்டுவது வாங்கிய கூலியா, அழைத்தவரின் உரிமையா, பார்த்தவரின் மனமா என்பதை இந்த ஒரு திரும்பக் கொடுத்தலை வைத்து முடிவு செய்துவிட முடியாது. மூன்றும் சேர்ந்தால்தான் சாட்சி என்று சொல்லிப்பார்க்கலாம். அப்படியானால் எலியுவெயை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.