கணக்குக் கேட்டவன் காட்டிக்கொடுத்தவனா?



ஒரு தர்ம ஸ்தாபனத்தில் கணக்கு எழுதுகிற ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விதவைகளுக்கென்று வந்த பணம் வேறு எதற்கோ போயிருப்பதை வவுச்சரில் பார்த்துவிடுகிறாள். பொருளாளரிடம் சொல்கிறாள். "உனக்கெதற்கு அம்மா இந்த வேலை, நீ உன் வேலையைப் பார்" என்கிறார். அவள் இப்போது என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டால் அடக்கமான பிள்ளை என்று பெயர். வெளியே சொன்னால் யூதாஸ் என்று பெயர். உப்பிட்ட இடத்துக்கே துரோகம் பண்ணிட்டாள், இவளால் எத்தனை ஏழைகளுக்குச் சாப்பாடு நின்னு போச்சு என்று பேசுவார்கள்.

இந்தப் பேச்சை லேசாகத் தள்ளிவிட முடியாது. புறங்கூறுவது பாவம்தான். நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுவது நல்ல குணம்தான். அப்படியானால் எந்த ரகசியத்தைக் காக்க வேண்டும், எந்த ரகசியத்தை உடைக்க வேண்டும்? இதைத்தான் இந்த மாதம் சிந்திக்கப் போகிறோம்.

நியூ எரா சொல்லும் பாடம்

அமெரிக்காவில் பிலதெல்பியாவுக்குப் பக்கத்தில் 1989-இல் ஜான் பென்னட் என்பவர் நியூ எரா என்ற பெயரில் ஒரு தர்ம நிறுவனத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவ வட்டாரங்களில் நன்றாக அறிமுகமானவர். அவர் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரிந்த பெரிய தனவந்தர்கள் சிலர் இருக்கிறார்கள். தங்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்கிறார்கள். நீங்கள் சில மாதம் என்னிடம் பணம் கொடுத்து வையுங்கள். அவர்கள் அதே அளவு பணம் போட்டு, இரட்டிப்பாக உங்களுக்குத் திருப்பித் தருவார்கள்."

முதலில் கொடுத்தவர்களுக்கு உண்மையாகவே இரட்டிப்பாகத் திரும்பி வந்தது! யாருக்குத்தான் ஆசை வராது? பைபிள் கல்லூரிகள், மிஷனரி ஸ்தாபனங்கள், தர்ம நிறுவனங்கள் எல்லாம் வரிசையாக வந்து பணத்தைக் கொட்டின. "கர்த்தர் வாசலைத் திறந்திருக்கிறார்" என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

ஆனால் அந்தத் தனவந்தர்கள் ஒருவரும் கிடையாது. பின்னால் வந்தவனுடைய பணத்தை எடுத்து முன்னால் வந்தவனுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடுகிற நிதிக் கம்பெனிகளின் கதைதான் இது. 1995 மே மாதம் நியூ எரா திவாலானது. அப்போது அது காட்டிய கடன் 55 கோடி டாலருக்கு மேல். சொத்தோ ஏறக்குறைய 8 கோடி டாலர். 1997-இல் பென்னட்டுக்குப் பன்னிரண்டு வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இது எப்படி வெளியே வந்தது? மிச்சிகனில் ஸ்பிரிங் ஆர்பர் என்று ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே கணக்கியல் கற்பித்த ஆல்பர்ட் மேயர், கல்லூரியின் கணக்குப் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1991-இல் கல்லூரிப் பணம் 2 லட்சத்து 94 ஆயிரம் டாலர் பெயர் தெரியாத ஒரு ஸ்தாபனத்துக்குப் போயிருப்பது அவர் கண்ணில் பட்டது. விசாரித்துப் பார்த்தால் நூல் நியூ எராவில் போய் முடிந்தது. மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. பணம்தான் இரட்டிப்பாக வருகிறதே!

அவரோ இன்னும் வேலை நிரந்தரமாகாத ஆசிரியர். வேலை போனால் வீடு என்ன ஆகும்? ஆனாலும் விடவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். நியூ எரா அரசாங்கத்துக்குக் கொடுத்த வரிப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அத்தனை கோடி டாலர் பத்திரமாக ஓரிடத்தில் கிடந்தால் வட்டி எவ்வளவு வர வேண்டும்? அந்த வட்டி படிவத்தில் காணோம்! கடைசியில் 1995-இல் தான் சேர்த்ததை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கும் ஒரு பெரிய பத்திரிகைக்கும் கொடுத்தார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

மேயர் துரோகியா? அவர் பேசியிராவிட்டால் இன்னும் எத்தனை ஸ்தாபனங்களின் காணிக்கை அந்தக் குழியில் விழுந்திருக்கும்! பிற்பாடு, போட்டதைவிட அதிகமாக வாங்கியிருந்த பல ஸ்தாபனங்கள் அந்த அதிகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. இழந்தவர்களுக்கு அதிலிருந்து பங்கு போயிற்று. உண்மை வெளியே வந்ததால்தான் அந்த நீதியும் செய்ய முடிந்தது.

ரகசியம் யாருக்குச் சொந்தம்?

இந்தச் சம்பவத்தில் உற்றுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பென்னட் எந்தத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்? தாழ்மை என்கிற திரைக்குப் பின்னால். "கொடுக்கிறவர்கள் பெயர் சொல்ல விரும்பவில்லை" என்றதும் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று ஆண்டவரே போதித்திருக்கிறாரே என்று நினைத்திருப்பார்கள்.

பிரியமானவர்களே, அந்தப் போதனை கொடுக்கிறவனுக்குச் சொல்லப்பட்டது. பொருளாளருக்குச் சொல்லப்பட்டதல்ல! கொடுத்தவன் தன் பெயரை மறைக்கலாம். வாங்கிச் செலவு பண்ணுகிறவன் கணக்கை மறைக்கக் கூடாது. கணக்கைப் பார்க்கிற ஆடிட்டருக்குக்கூடக் காட்ட முடியாத கொடையாளி ஒருவர் இருக்கிறார் என்றால், அப்படி ஒருவர் இல்லை என்றுதான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

ரகசியத்துக்கு உரிமை உள்ளவர்கள் மூன்று பேர்.

முதலாவது, கொடுக்கிறவர். அவர் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு கொடுக்கவில்லை என்பது ஊர்ப் பேச்சாகக் கூடாது.

இரண்டாவது, உதவி பெறுகிறவர். இதில்தான் நாம் அதிகம் கவனக்குறைவாக இருக்கிறோம். தையல் மிஷின் வாங்கின விதவையின் கண்ணீரைப் படம் பிடித்துப் போடுகிறோம். விடுதிப் பிள்ளையின் தகப்பன் குடிகாரன் என்று பெயரோடு எழுதுகிறோம். அந்தப் பிள்ளை நாளைக்குப் பெரியவனாகி அதைப் படித்தால் எப்படி இருக்கும்? 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், விலாசம், பள்ளிக்கூடம், படம் இவற்றை அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது என்கிறது. நம்மைப் போன்ற சிறிய பத்திரிகைகளுக்கும் இது பொருந்தும். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளிப்படுத்தக் கூடாது என்று 2017-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அவர் குணமாக ஜெபிக்கிறோம் என்பது அந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது.

மூன்றாவது, தவறைக் கண்டு சொல்கிறவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பணத்தைக் கையாளுகிறவர் இந்த மூன்று பேரில் இல்லை. ஆனால் நடைமுறையில் நடப்பதென்ன? ஏழையின் கதை போஸ்டரில் இருக்கிறது, கணக்குப் புத்தகமோ பீரோவில் பூட்டிக் கிடக்கிறது! எல்லாம் தலைகீழ்.

பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்னால் மட்டும் சுத்தமாயிருந்தால் போதாது, மனுஷருக்கு முன்னாலும் அப்படியே காணப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். பவுலையே நம்பாவிட்டால் யாரை நம்புவது என்று யாரும் கேட்கவில்லை. பவுலே கேட்கவில்லை!

சொல்வதற்கும் ஒரு முறை உண்டு

கண்டதையெல்லாம் தெருவில் கொட்டுவது சரியல்ல. குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாக, கேளாவிட்டால் இரண்டு மூன்று பேரோடு, அதற்கும் கேளாவிட்டால் சபைக்கு என்று ஆண்டவர் படிகளை வைத்திருக்கிறார். மேயரும் ஏறக்குறைய அப்படித்தான் போனார். முதலில் கல்லூரிக்குள், காகித ஆதாரத்தோடு. உள்ளே கதவு அடைபட்ட பிறகுதான் வெளியே. புறங்கூறுகிறவன் திருத்த முடியாதவனிடம் போய்ச் சொல்கிறான். நீதி தேடுகிறவன் திருத்தக் கூடியவனிடம் சொல்கிறான். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஒரு காரியத்தில் படிகள் கிடையாது. விடுதியில் ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால், "முதலில் கமிட்டியில் பேசுவோம்" என்கிற பேச்சே கூடாது. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. ஸ்தாபனத்தின் பொறுப்பில் இருக்கிறவர் மறைத்தால் தண்டனை இன்னும் கூடும். ஊழியத்தின் நல்ல பெயரைக் காப்பாற்ற ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கிறவன் எந்தத் தேவனுக்கு ஊழியம் செய்கிறான்?

சொன்னவரை யார் காப்பாற்றுவது?

சத்யேந்திர துபே என்கிற இளம் இன்ஜினியரை நினைத்துக்கொள்ளுங்கள். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளை 2002-இல் பிரதம மந்திரி அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதமோ பெயரோடேயே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயா பட்டணத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று விசாரணை சொன்னது, 2010-இல் மூன்று பேருக்குத் தண்டனையும் ஆயிற்று. அது எப்படியிருந்தாலும், அந்த மனுஷன் கேட்ட ஒரே ஒரு ரகசியம் காக்கப்படவில்லை என்பது மாறாது. தேசமே அதைக் கேட்டுத் துடித்தது.

அதற்குப் பிறகு, 2014-இல் புகார் சொல்கிறவர்களைப் பாதுகாக்க பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆனால் அது அரசு ஊழியர்கள் மேல் சொல்லும் புகாருக்கானது. டிரஸ்டில் கணக்கு எழுதுகிற நம் பிள்ளைக்கு அது குடை பிடிக்காது. அவளுக்குக் குடை நாம்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு டிரஸ்டும் ஸ்தாபனமும் நாலு காரியங்களை எழுதி, கமிட்டியில் வாசித்து, கையெழுத்திட்டு வைக்கட்டும்:

1. புருஷன் தலைவர், மனைவி பொருளாளர், மகன் செயலாளர் என்று இருக்கக் கூடாது. உறவில்லாதவர்கள் கமிட்டியில் வேண்டும். செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும்.

2. வரவு செலவுக் கணக்கை வருஷத்துக்கு ஒரு முறையாவது கொடுத்தவர்கள் எல்லாருக்கும் காட்ட வேண்டும். ஆடிட்டர் பார்த்துவிட்டாரே என்றால் போதாது. ஆடிட்டர் வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறார், பில் எழுதுகிறவள் தினமும் பார்க்கிறாள்.

3. உதவி பெறுகிறவர்களின் பெயர், படம், நோய், குடும்ப விவரம் யார் கையில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று எழுதி வைக்க வேண்டும். அவர் சம்மதமில்லாமல் ஒன்றையும் வெளியிடக் கூடாது. "வேண்டாம்" என்றால் உதவி நிற்காது என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

4. புகாரை யாரிடம் சொல்லலாம் என்று இரண்டு பேரைக் குறிப்பிட வேண்டும். அதில் ஒருவராவது ஸ்தாபனத்துக்கு வெளியே இருக்கட்டும். சொன்னவர் பெயர் காக்கப்பட வேண்டும். அதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது. நல்ல மனதோடு சொன்ன புகார் விசாரணையில் தவறென்று தெரிந்தாலும் அவரைத் தண்டிக்கக் கூடாது. தெரிந்தே பொய் சொன்னவன் விஷயம் வேறு. குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரும் விசாரணை முடியும் வரைக்கும் காக்கப்பட வேண்டும். அவரும் நம் சகோதரர்தானே!

"இதெல்லாம் உலகக் கம்பெனிகளுக்கு, நமக்கு விசுவாசம் போதும்" என்று சிலர் சொல்லுவார்கள். நியூ எராவில் பணம் போட்டவர்களுக்கு விசுவாசம் குறைவாயிருக்கவில்லை. கேள்விதான் குறைவாயிருந்தது. தேவன் மேல் வைக்க வேண்டிய விசுவாசத்தை ஒரு மனுஷன் மேல் வைத்தார்கள்.

"வெளியே சொன்னால் அந்நிய ஜனங்கள் சிரிப்பார்களே, விடுதியை மூட வேண்டி வருமே" என்றும் சொல்லுவார்கள். அந்தப் பயம் உண்மையானது. பிள்ளைகள் பசியாயிருப்பதை யாரும் விரும்பவில்லை. ஆனால் விடுதியை மூட வைத்தது யார்? திருட்டை மறைத்தவனா, திருட்டைச் சொன்னவளா? மூன்றாம் வருஷத்தில் சொல்ல விட்டிருந்தால் ஒரு ஆளை மாற்றிவிட்டு விடுதியைக் காப்பாற்றியிருக்கலாம். பத்தாம் வருஷத்தில் அது தானாக வெடிக்கும்போது எல்லாம் போகும்.

கடைசியாக அந்த யூதாஸ் என்கிற பெயருக்கு வருகிறேன். கணக்குக் கேட்கிறவர்களை அப்படி அழைக்கிறவர்கள் யோவான் சுவிசேஷம் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் போய்ப் பார்க்கட்டும். ஏழைகளின் பேரைச் சொல்லிக்கொண்டு பணப்பையை வைத்திருந்தவன் யார்? அதில் போடப்பட்டதை எடுத்துக்கொண்டவன் யார்? ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் கணக்குக் கேட்டவன் அல்ல, பையை வைத்திருந்தவன்!

அந்தக் கணக்கு எழுதுகிற பிள்ளை நம்மிடம் வந்து, நடுங்கிக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டும் நாள் வந்தால், "உனக்கெதற்கு அம்மா இந்த வேலை" என்று சொல்லாதிருப்போமாக. அவளை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, காகிதத்தை வாங்கிப் படிப்போமாக.

வெளிச்சத்தில் நடக்கும்படி கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.