சீட்டு விழாத யோசேப்பு

மே மாதத்தை வணக்கமாதம் என்று போற்றி, மாலைதோறும் மரியன்னையின் திருவுருவத்தின் முன் கூடிச் செபமாலை சொன்னவர்கள் நம் முன்னோர். அப்பக்தி இன்றும் அழிந்துவிடவில்லை. ஆயினும் செபமாலை முடிந்ததும் நம் குடும்பங்களில் எழும் பேச்சு மேல்நிலைத் தேர்வு முடிவைப் பற்றியதாகவே இருக்கிறது. "பிள்ளை எதைப் படிக்க விரும்புகிறது?" என்ற வினா அருகிவிட்டது; "கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதே இன்றைய வினா. எண் உயர்ந்திருந்தால் நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்கிறார்கள், இனிப்பு வழங்குகிறார்கள். எண் தாழ்ந்திருந்தால் அவ்வீட்டுப் பிள்ளையை அடுத்த ஞாயிறு கோவிலில் காண முடிவதில்லை.

தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்க 104 என்ற தொலைபேசி எண்ணை அரசு அறிவிக்கிறது. ஓர் எண்ணுக்காக உயிரையே வெறுக்கும் இளம் உள்ளங்கள் இருப்பதால்தானே இத்தகைய ஏற்பாடு தேவைப்படுகிறது? ஆகவே கல்லூரிச் சேர்க்கை என்பது கல்வித்துறையின் நிர்வாகச் சிக்கல் மட்டுமன்று. இடம் பெற்றவர் தகுதியுடையவர், பெறாதவர் தகுதியற்றவர் என்று தீர்ப்பிட நமக்கு உரிமை உண்டா? இவ்வினாவை விசுவாச ஒளியில் ஆராய்வது நம் கடமை.

முதலில் அந்த எண் உருவாகும் முறையைக் காண்போம். பொறியியல் சேர்க்கைக்குக் கணித மதிப்பெண் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கும் கணக்கிடப்பட்டு, மொத்தம் 200க்கு ஓர் எண் பெறப்படுகிறது. அதன்படி மாநிலம் முழுவதற்கும் தரவரிசைப் பட்டியல் அமைகிறது. முன்வரிசையில் நிற்போரில் பலரும் நாடுவது, 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் கிண்டிப் பொறியியல் கல்லூரியை. அங்கும் கணினி அறிவியல் பிரிவை. அது கிட்டாதபோது குரோம்பேட்டை எம்.ஐ.டி.; அடுத்து நம் கோவையின் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி, பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, கோவை தொழில்நுட்பக் கல்லூரி. இவற்றில் அப்பிரிவுக்குள்ள இடங்கள் சிலவே, விரும்புவோரோ பல்லாயிரவர்.

200க்கு 200 பெறுவோர் இப்போது ஒருவர் இருவர் அல்லர். இருவர் ஒரே எண்ணைப் பெற்றால் யாரை முன்னால் நிறுத்துவது? கணித மதிப்பெண் பார்க்கப்படும்; அடுத்து இயற்பியல் முதலியவை பார்க்கப்படும். யாவும் ஒன்றாயின் பிறந்த தேதி பார்க்கப்பட்டு, வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை தரப்படும். அதுவும் ஒன்றாயின் 'சமவாய்ப்பு எண்' முடிவு செய்யும். அது விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி குலுக்கிப் போட்டுத் தரும் எண். ஆண்டுதோறும் தரவரிசைக்கு முன்னரே இவ்வெண் வெளியிடப்படுகிறது. நம்முள் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நாமோ, முழு நடைமுறையிலும் மிகவும் நேர்மையான பகுதி அதுவே என்போம். 'இதற்குமேல் இவ்விரு பிள்ளைகளையும் தரம்பிரிக்க எம்மிடம் அளவுகோல் இல்லை' என்று அரசே அங்கு ஒப்புக்கொள்கிறது அன்றோ?

சீட்டுப் போடுதல் திருமறைக்குப் புதிதன்று. யோசுவாவின் காலத்தில் வாக்களிக்கப்பட்ட நாடு குலங்களுக்குச் சீட்டுப் போட்டே பங்கிடப்பட்டது. யூதாசின் இடம் காலியானபோது திருத்தூதர்கள் செய்ததும் அதுவே. திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில் இருவர் முன்னிறுத்தப்படுகின்றனர்: ஒருவர் யுஸ்து எனப்பட்ட யோசேப்பு பர்சபா, மற்றவர் மத்தியாஸ். யோவானின் திருமுழுக்குக் காலம் முதல் ஆண்டவரின் விண்ணேற்றம் வரை உடனிருந்தவராய் இருத்தல் வேண்டும் என்பது தகுதி வரையறை. இருவரும் அதை நிறைவு செய்தவர்கள். செபித்தபின் சீட்டுப் போட்டனர். அது மத்தியாசின் பெயருக்கு விழுந்தது. மே 14ஆம் நாள் அவருக்கு நாம் விழா எடுக்கிறோம். யோசேப்பு பர்சபாவை நினைப்பவர் எத்தனை பேர்?

புனித தோமாஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் சீட்டுப் போடுதலை வகைபிரித்து ஆராய்கிறார். எதிர்காலத்தை அறியச் சீட்டுப் பார்ப்பதை அவர் கண்டிக்கிறார். ஒரு பொருளைப் பங்கிடுவதில் உடன்பாடு எட்ட முடியாதவர்கள் சீட்டுப் போட்டுக்கொள்வதையோ அத்துணைக் குற்றமாகக் கொள்ளவில்லை. நெதர்லாந்து நாட்டில் 1970களிலிருந்து 2017 வரை மருத்துவப் படிப்புக்குக் குலுக்கல் முறை இருந்தது. மதிப்பெண் மிகுந்தோருக்கு வாய்ப்பு மிகுதி என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். எல்லாச் சேர்க்கையும் குலுக்கலாக வேண்டும் என்பது நம் வாதமன்று. தகுதியுள்ளோர் பலராகவும் இடங்கள் சிலவாகவும் இருக்கும்போது, இடம் கிடைப்பதும் கிடைக்காததும் ஒருவரின் மதிப்பைச் சொல்லா என்பதையே இவை நமக்கு உணர்த்துகின்றன.

அப்படியாயின் தரவரிசைப் பட்டியல் தீயதா? அன்று. அதன் நன்மையை மறுப்பது நன்றியின்மையாகும். ஆள்பார்த்து நீதி வழங்குவது பங்கீட்டு நீதிக்கு எதிரான பாவம் என்று கற்பித்த அதே அக்குவினாஸ், கல்விப் பொறுப்பு ஒன்றை ஒருவருக்கு அளிக்கையில் அவர் இன்னார் என்பதற்காக அன்றி, அவரது அறிவு போதுமானதா என்பதற்காகவே அளிக்க வேண்டும் என்பதை எடுத்துக்காட்டாகத் தருகிறார். 1997இல் ஒற்றைச் சாளர முறை வந்தபின், கோவையிலிருந்து இரவு இரயிலேறிச் சென்னை சென்ற பஞ்சாலைத் தொழிலாளியும் ஆலை அதிபரும் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. ஆயினும் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பட்டியலின் வரிசையே வரிசை. பரிந்துரைக் கடிதத்துக்கு அங்கு வேலையில்லை. இது சிறிய நன்மையன்று.

ஆனால் பட்டியல் நேர்மையானது என்பதால் அதற்கு முந்திய ஓட்டமும் நேர்மையானது என்று ஆகிவிடாது. 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது. நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட இயலாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகின்றனர் என்ற குறை எழுந்தது. பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் குழு ஆராய்ந்தது. 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அத்தேர்வு நீங்கியது. போட்டியோ நீங்கவில்லை, இடம் மாறியது. நம் கொங்கு நாட்டின் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களின் உண்டு உறைவிடப் பள்ளிகள், மதிப்பெண் விளைவிக்கும் நிலங்களாக மாநிலமெங்கும் பேர்பெற்றன. தொலைவிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தேர்வு முடிவுகளில் முதலிடம் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்தியது. அதன்பின்னும் பள்ளி வாயில்களில் பதாகைகள் குறையவில்லை.

ஒரு கதவை அடைத்தால் பணம் வேறு கதவைத் தேடிக்கொள்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடக் காவலரும், தவறைத் திருத்தப் பாடத்துக்கொரு ஆசிரியரும் வாய்த்த பிள்ளை ஒருபுறம். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டிலோ, சோமனூரின் விசைத்தறி ஓசைக்கு நடுவிலோ அமர்ந்து படிக்கும் பிள்ளை மறுபுறம். முன்னது 198ம் பின்னது 180ம் பெற்றால், எவரது உழைப்பு பெரிது என்று அந்த எண்கள் நமக்குச் சொல்லுமா?

இதை உணர்ந்தே சமூகநீதி ஏற்பாடுகள் தோன்றின. 69 விழுக்காட்டு இடஒதுக்கீடும், 2009இல் அருந்ததியர்க்கு அளிக்கப்பட்ட 3 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021 முதல் பொறியியல் முதலிய படிப்புகளில் வழங்கப்படும் 7.5 விழுக்காடும் சலுகைகள் அல்ல. ஓடத் தொடங்கிய இடம் ஒன்றாயில்லை என்பதை ஒத்துக்கொள்ளும் செயல்கள். 'இடஒதுக்கீட்டால் தகுதி கெட்டது' என்று நம் கிறிஸ்தவ இல்லங்களிலேயே சிலர் பேசக் கேட்கிறோம். அவர்கள் ஒன்றை எண்ணிப்பார்க்கட்டும். ஒரே தெருவில் ஒரே இழிவைச் சுமந்து வாழ்ந்த இரு சகோதரரில், திருமுழுக்குப் பெற்றவர் பட்டியல் இனத்தவர் என்ற நிலையை இழந்து பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட வேண்டியவராகிறார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவரை இன்னமும் வெளியே நிறுத்தியுள்ளது. அதை மாற்றுமாறு தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. பட்டியல்கள் மனிதர் எழுதுபவை. அவற்றுள் மனிதரின் குறையும் சேர்ந்தே எழுதப்படுகிறது.

இவ்வாறு கூறுவதால் உழைத்த பிள்ளையின் உழைப்பை நாம் இகழவில்லை. இரவும் பகலும் கண்விழித்துப் படித்தவரின் முயற்சி உண்மையானது, பாராட்டுக்குரியது. ஆனால் முயற்சி செய்வதற்கான உடல்நலம், நினைவாற்றல், ஊக்கிய தாய், கட்டணம் கட்டிய தந்தை, கற்பித்த ஆசிரியர் ஆகிய யாவும் அவர் சம்பாதித்தவையா? பெற்றுக்கொண்டதைத் தாமே உண்டாக்கியதுபோல் பெருமை பாராட்டிய கொரிந்து நகரச் சபையைப் புனித சின்னப்பர் கடிந்துகொண்டதை நாம் அறிவோம். தாலந்து உவமையிலும் ஓர் உண்மை ஒளிந்துள்ளது. ஐந்து பெற்றவரும் இரண்டு பெற்றவரும் ஈட்டிய தொகை வேறு; தலைவர் இருவரையும் பாராட்டிய சொற்களோ ஒன்றே. கைக்கு வந்த தொகையை அவர் ஒப்பிடவில்லை. கொடுத்ததற்கு உண்மையாக இருந்தார்களா என்பதையே கண்டார்.

தகுதி என்பது பாதி கொடை என்றால், அதன் பயனும் பாதி கடன். அரசுக் கல்லூரியில் ஒரு மாணவர் செலுத்தும் கட்டணம், அவரது கல்விக்காகும் செலவில் சிறு பகுதியே. எஞ்சியதைத் தருவது யார்? சோப்புக்கு விலை கொடுக்கும் எல்லாரும் தருகின்றனர். இடம் கிடைக்காத பிள்ளையின் பெற்றோரும் தருகின்றனர். ஆதலின் பெற்ற இடம் வெற்றிக் கோப்பையன்று. பலர் சேர்ந்து ஒப்படைத்த பொறுப்பு. உரோமைக் கடிதத்தில் புனித சின்னப்பர் தம்மை எல்லாருக்கும் கடன்பட்டவராகக் கூறிக்கொண்ட மனப்பான்மை, கணினி படித்து அயல்நாடு செல்லும் நம் இளைஞருக்கும் வேண்டும்.

இடம் கிடைக்காதவருக்கு என்ன சொல்வோம்? கோவையின் வரலாறே அவருக்கு ஆறுதல் சொல்லும். 1945இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில், ஜி.டி. நாயுடுவின் கொடையால் உருவானதே இன்றைய அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி. கலங்கலில் பிறந்த அவர் பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். இன்றைய முறைப்படி அவருக்குத் தரவரிசையில் எண்ணே கிடைத்திராது! நீர் இறைக்கும் பம்பும் மாவரைக்கும் கிரைண்டரும் செய்து இந்நகரை உயர்த்தியவர்களுள், லேத் பட்டறையிலும் வார்ப்பாலையிலும் தொழில் பயின்றவர்கள் எண்ணற்றோர். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில், வேலையின் மாண்பு அதன் வகையிலிருந்து வருவதில்லை, அதைச் செய்பவர் மனிதராக இருப்பதிலிருந்தே வருகிறது என்று தெளிவுபடுத்தினார். நாசரேத்தின் தச்சர் வீட்டை வணங்கும் நாம், தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் மகனுக்காக வெட்கப்படுவது எங்ஙனம் பொருந்தும்?

மீண்டும் யோசேப்பு பர்சபாவிடம் வருவோம். சீட்டு விழவில்லை என்பதற்காக அவர் முறையிட்டதாகத் திருமறையில் ஒரு சொல்லும் இல்லை. வியப்பு என்னவெனில், சீட்டு விழுந்த மத்தியாசின் பெயரும் அதன்பின் திருத்தூதர் பணிகளில் வருவதில்லை. பன்னிருவரில் ஒருவரானவரும் ஆகாதவரும் அப்பணியின் பெருவெள்ளத்தில் கலந்துவிட்டனர். பணி நடந்தது, அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நம் பங்குகளில் செய்யக்கூடியவை சில உண்டு. உயர்ந்த மதிப்பெண் பெற்றோரைப் பாராட்டும் விழாவிலேயே, தொழிற்பயிற்சிக்கும் செவிலியர் பணிக்கும் கலைக் கல்லூரிக்கும் செல்லும் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து ஆசீர்வதிக்கலாம். பங்கு மண்டபத்தை மாலை வேளையில் விளக்கேற்றித் திறந்துவைத்து, வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கல்லூரியில் இடம்பெற்ற அண்ணன்மாரும் அக்காமாரும் அங்கே வாரம் ஒரு நாள் கணிதம் கற்பிக்கலாம். கடன் தீர்க்க அதைவிட எளிய வழி ஏது? அரசுப் பள்ளிக்குரிய 7.5 விழுக்காடு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இல்லை. அத்தகைய நம் பள்ளிகளில் பயிலும் ஏழைப் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுப்பதும் நம் பொறுப்பு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முடிவு வெளியாகும் காலையில், எண்ணைக் கேட்பதற்கு முன் பிள்ளைக்கு உணவு பரிமாறுங்கள். எண் எதுவாயினும் அவ்வாரத் திருப்பலிக்கு முன்போலவே குடும்பமாக வாருங்கள். அந்த ஞாயிறு கோவிலில் காணாத பிள்ளை எவர் என்று நாம் ஒவ்வொருவரும் திரும்பிப் பார்த்து, அன்று மாலையே அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோம்.