சரிகையும் தாரும்

ஆரணிப் பட்டைக் கையில் ஏந்துவோர் சரிகையை வியக்கின்றனர். இராட்டினத்தருகே அமர்ந்து தார் சுற்றிய பெண்ணை நினைப்பதில்லை. பெண்ணியத்தை ஏடுகள் காட்டும் முறையும் அத்தகையதே.

1968-இல் அமெரிக்க அழகிப் போட்டியை எதிர்த்த பெண்கள் துடைப்பங்களையும் பாத்திரங்களையும் உள்ளாடைகளையும் குப்பைத் தொட்டியில் எறிந்தனர். ஏடுகளோ 'உள்ளாடை எரித்தோர்' என்ற பெயரையே உலகெங்கும் பரப்பின. அடுக்களைச் சுமை பற்றிய வினா மறைந்தது. 1978-இல் மதுரா வழக்கில் காவலர் இருவரை உச்ச நீதிமன்றம் விடுவித்ததை எதிர்த்து நம் நாட்டுப் பெண்கள் போராடினர். 1983-இல் பாலியல் வன்முறைச் சட்டம் திருத்தப்பட்டது. அது பெண்ணியத்தின் கனியென நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

பாதியை மறைத்த உண்மையும் பொய்ச்சான்றே. ஆராயாது அதை நகைத்துப் பரப்பும் நமக்கும் அக்குற்றத்தில் பங்குண்டு. நம் இல்லத்தில் தார் சுற்றும் கைக்குரிய கூலி யார் கையில் சேர்கிறது? அவ்வினாவிலிருந்தே பெண்ணியத்தை அறியத் தொடங்குவோம்.